எந்த இடத்து விதை? நாட்டுத் தாவரங்கள் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

மண்ணையும் நீரையும் காக்கவும், பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் விலங்குகளுக்கும் இருப்பிடம் அமைக்கவும் நாட்டுத் தாவரங்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்தெடுப்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: காட்டிலும் மேட்டிலும் தானாக முளைத்து வளரும் ஒரு புல்லை ஆராய்ச்சி நிலையங்கள் ‘உருவாக்கி வெளியிடுகின்றன’ என்று படிக்கும்போது வேடிக்கையாக இருக்கிறது. விதையைச் சேகரித்து விதைத்தால் போதாதா?

பதில்: ஓடையோரத்தில் கால் ஏக்கர் நிலத்துக்கு என்றால் தாராளமாகப் போதும், பக்கத்தில் வளரும் செடிகளிலிருந்து விதை எடுத்து விதைப்பதைவிடச் சிறந்த வழி கிடையாது. ஆயிரக்கணக்கான ஏக்கர் பாழ்நிலத்தைப் பசுமையாக்க வேண்டும் என்னும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அத்தனை விதை காட்டில் கிடைக்காது. கிடைக்கிறதே என்று வாரி எடுத்தால் காடு தாங்காது. ஆகவே அந்தச் செடியை வயலில் பயிராக வளர்த்து விதை எடுக்க வேண்டியிருக்கிறது. நெல்லுக்கும் கோதுமைக்கும் எப்போது விதைப்பது, எவ்வளவு ஆழத்தில் விதைப்பது, கதிர் எந்தப் பக்குவத்தில் அறுப்பது என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த செய்திகள். காட்டுப்புல்லுக்கு அப்படி எவரும் எழுதி வைக்கவில்லை. அதைக் கண்டறிவதும், பல இடத்துச் செடிகளுள் எது எந்தப் பணிக்கு ஏற்றது என்று பார்ப்பதுமே இங்கே உருவாக்கம் எனப்படுகிறது.

இந்த வேலையை அரசுத் திட்டமாகவே நீண்ட காலம் செய்துவரும் நாடு அமெரிக்கா. 1930களில் அந்நாட்டின் சமவெளிகளில் புல்வெளிகளை உழுது பயிரிட்ட நிலங்கள் வறட்சியில் புழுதியாகப் பறந்தபோது, 1933இல் மண்ணரிப்புத் தடுப்புப் பணி தொடங்கப்பட்டது. 1935இல் அது ஹியூ ஹேமண்ட் பென்னட்டின் தலைமையில் மண்வளப் பாதுகாப்புத் துறையாக நிலைபெற்றது. மண்ணைப் பிடித்து நிறுத்தப் புல் வேண்டும், புல்லுக்கு விதை வேண்டும் என்பதால் நாற்றுப் பண்ணைகள் எழுந்தன. அவற்றின் வழிவந்த சுமார் 25 தாவர மையங்கள் இன்றும் வெவ்வேறு தட்பவெப்பப் பகுதிகளில் இயங்குகின்றன.

அங்கே நடப்பது பொறுமையைக் கேட்கும் வேலை. ஒரே இனத்தின் விதைகளைப் பல இடங்களிலிருந்து திரட்டி, ஒரே வயலில் அடுத்தடுத்த வரிசைகளில் நட்டு, எது பிழைக்கிறது, எது நோயில் விழுகிறது, எது தூர் கட்டுகிறது, எது விதை பிடிக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் குறித்துவைக்கிறார்கள். தேறியவற்றை வேறு மண்ணிலும் நட்டுப் பார்த்த பிறகே, பெருக்குவதற்கான ஆதார விதை, விதை உற்பத்தியாளர் கைக்குப் போகிறது. சுவிட்ச்கிராஸ் என்னும் உயரமான புல்லில் ‘அலாமோ’ என்ற வகையின் மூலவிதை டெக்சாஸ் மாநிலத்தில் 1964இல் எடுக்கப்பட்டது. வெளியிடப்பட்ட ஆண்டு 1978. இவ்வளவு காலம் காத்திருக்க முடியாத தேவைகளும் உண்டு என்பதால், தேர்வு எதுவும் செய்யாமல், எந்த இடத்தில் எடுத்த விதை என்பதற்கு மட்டும் சான்று கூறும் மஞ்சள் அட்டை விதையும் அந்நாட்டில் விற்கப்படுகிறது. ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்ததற்குப் பச்சை அட்டை. அதன் சந்ததியையும் சோதித்துப் பார்த்ததற்கு நீல அட்டை. மூன்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது மஞ்சள் அட்டைதான். காரணம் அடுத்த பதிலில் வருகிறது.

கேள்வி: இனம் ஒன்றாக இருக்கும்போது விதை எங்கிருந்து வந்தால் என்ன? நாட்டுத் தாவரம் என்றால் நாடு முழுவதற்கும் உரியதுதானே?

பதில்: தாவரங்களுக்கு நாட்டின் எல்லை தெரியாது. ஆற்றங்கரையில் வளரும் ஒரு செடியும், நூறு கிலோமீட்டர் தள்ளி மலைச்சரிவில் வளரும் அதே இனச் செடியும், பெயரால் ஒன்றாயிருந்தும் குணத்தால் வேறாக இருக்கக்கூடும். சுவீடனைச் சேர்ந்த கோட்டே டுரேசன் வெவ்வேறு வாழிடங்களிலிருந்து எடுத்த செடிகளை ஒரே தோட்டத்தில் வளர்த்து, அவற்றின் வேறுபாடுகளுட் பல அப்போதும் மறையவில்லை என்று கண்டார். வாழிடத்துக்கேற்ப அமைந்த இத்தகைய உட்பிரிவுகளுக்கு 1922இல் ‘ஈக்கோடைப்’ என்று பெயரிட்டார். நாம் சூழல்வகை என்று சொல்லலாம்.

இதைவிடத் தெளிவான சோதனை கலிபோர்னியாவில் நடந்தது. கிளாசன், கெக், ஹீசி என்ற மூவர், கடற்கரையிலிருந்து சியரா நெவாடா மலைத்தொடர் வரை பல உயரங்களில் வளர்ந்த ‘யாரோ’ (yarrow) என்னும் மூலிகைச் செடியைத் திரட்டி, கடல் மட்டத்துக்குச் சற்று மேலே ஒன்று, சுமார் 1,400 மீட்டரில் ஒன்று, சுமார் 3,050 மீட்டரில் ஒன்று என மூன்று தோட்டங்களில் வளர்த்தார்கள். உயர்மலையிலிருந்து வந்தவை, தாழ்நிலத் தோட்டத்தின் இதமான தட்பவெப்பத்திலும் குட்டையாகவே நின்றன. தாழ்நிலத்திலிருந்து வந்தவை உச்சித் தோட்டத்தின் குறுகிய கோடையில் தடுமாறின. 1948இல் வெளிவந்த அந்த ஆய்வின் செய்தி விதை வாங்குவோருக்கு இன்றும் பொருந்தும்: வளர்ந்த இடத்தின் குளிரும் மழையும் பகல் நீளமும் விதைக்குள் பதிந்திருக்கின்றன.

சுவிட்ச்கிராஸையே எடுத்துக்கொள்வோம். அது பூப்பதற்குப் பகல் நீளத்தைப் பார்க்கும் புல். தென்பகுதி விதையை வடக்கே கொண்டுபோய் விதைத்தால் பூக்கத் தாமதித்து நெடுநாள் பச்சையாக நின்று செழிக்கும், பார்ப்பவர் மகிழ்ந்துபோவார். ஆனால் உறங்குவதற்கு ஆயத்தமாகாத நிலையில் கடுங்குளிர் வந்துவிட, தூரோடு பட்டுப்போகும். வடபகுதி விதையைத் தெற்கே விதைத்தால் சீக்கிரமே பூத்துக் குட்டையாக நின்றுவிடும். செடி செத்துப்போனால் தவறு உடனே தெரிந்துவிடுகிறது. சாகாமல் பிழைத்து, தவறான வாரத்தில் பூத்து, தேனீக்கள் வரும் நாளில் பூவில்லாமலும் பூவிருக்கும் நாளில் தேனீக்கள் இல்லாமலும் போவதையும், அதன் மகரந்தம் அக்கம்பக்கத்துச் செடிகளில் கலந்து அவற்றின் சந்ததியையும் தடுமாறவைப்பதையும் கவனிக்க ஆளில்லை.

இதற்காகக் கிலோமீட்டர் கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு விதி செய்யவும் கூடாது. பத்து கிலோமீட்டரில் உள்ள மலையுச்சி விதையைவிட, நூறு கிலோமீட்டரில் உள்ள, உயரமும் மழையளவும் மண்வகையும் ஒத்த இடத்து விதையே மேல். தட்பவெப்பம் மாறிவரும் காலத்தில் சற்று வெப்பமான பகுதிகளின் விதையையும் ஒரு பங்கு கலக்க வேண்டும் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். பல செடிகளிலிருந்து எடுத்த விதையாக இருந்தால் அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஒரே செடியின் பதியன்களைக் கரை முழுவதும் நடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மணல்மேடுகளை நிறுத்த அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை நெடுகிலும் நடப்பட்ட ‘கேப்’ என்ற கடற்கரைப் புல் அப்படி ஒரே மூலத்திலிருந்து பெருக்கப்பட்டது. மணலை அது நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் அதைத் தாக்கும் நோய் ஒன்று வந்தால் தப்பிப் பிழைக்க மாறுபட்ட செடி அந்த நடவில் இருக்காது.

கேள்வி: கரையோரத்தில் செடி வைத்தால் ஓடைநீர் எப்படித் தூய்மையாகிறது? அதற்கு நாட்டுத் தாவரந்தான் வேண்டுமா, ஏதாவது ஒரு புல் போதாதா?

பதில்: நேர்மையாகச் சொன்னால், வண்டலைத் தடுப்பதற்கு மட்டும் என்றால் அடர்ந்து நிற்கும் எந்தப் புல்லும் ஓரளவு பயன்படும். வயலிலிருந்து வழிந்துவரும் நீர் நெருக்கமான தண்டுகளிடையே நுழையும்போது வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் மண் படிகிறது. மணிச்சத்தில், அதாவது பாஸ்பரஸில், பெரும்பகுதி மண் துகளோடு ஒட்டிக்கொண்டு வருவதால் அதுவும் அங்கேயே தங்கிவிடுகிறது. நைட்ரேட் வேறுமாதிரி: அது நீரில் கரைந்து நிலத்தடியில் நகர்வதால் தண்டுகளால் அதைப் பிடிக்க முடியாது. வேர்கள் ஒரு பகுதியை உறிஞ்சுகின்றன. எஞ்சியதில் கணிசமானதை, கரையோரத்தின் ஈரச் சேற்றில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரஜன் வாயுவாக மாற்றி வானத்துக்கு அனுப்பிவிடுகின்றன. அவற்றுக்கு இரையாவது வேரும் சருகும் மக்கித் தரும் கரிமப்பொருள். ஆண்டுதோறும் உழப்படும் நிலத்தில் அது குறைவு. சுவிட்ச்கிராஸ் போல 3 மீட்டர் வரை வேரிறக்கும் பல்லாண்டுப் புற்களும் மரங்களும் நிற்கும் கரையில் அது தொடர்ந்து சேர்கிறது. மேரிலாந்தில் பீட்டர்ஜான், காரல் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், தன்னிடம் வந்து சேர்ந்த தழைச்சத்தில் (நைட்ரஜனில்) 89 விழுக்காட்டை ஓடையோரக் காடு தடுத்து நிறுத்தியது. மேலேயிருந்த வயல் நிறுத்தியது 8 விழுக்காடு.

நாட்டுத் தாவரம் எங்கே வேறுபடுகிறது என்பதற்கு அயோவா மாநில ஆய்வு நல்ல சான்று. மக்காச்சோளமும் சோயாவும் பயிராகும் சிறு நீர்ப்பிடிப்புகளில் பத்தில் ஒரு பங்கு நிலத்தை மட்டும் எடுத்து, சரிவுக்குக் குறுக்கே பலவகை நாட்டுப் புற்களும் பூச்செடிகளும் கலந்த பட்டைகளாக விதைத்தார்கள். 2017இல் வெளியான முடிவுகளின்படி, முழுதும் பயிரிட்ட நிலத்தோடு ஒப்பிட, வழிந்தோடிய நீர் 37 விழுக்காடு குறைந்தது. அடித்துச் செல்லப்பட்ட மண் இருபதில் ஒரு பங்காயிற்று. வெளியேறிய மணிச்சத்து நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்று. மகரந்தம் பரப்பும் பூச்சிகள் 3.5 மடங்காயின, பறவை இனங்கள் இரு மடங்குக்குச் சற்று மேல். வண்டலை நிறுத்தும் வேலையை வேறு புல்லும் செய்திருக்கும். இந்தக் கடைசி இரண்டையும் ஒற்றை அயற்புல் தந்திருக்காது.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. வயலுக்கடியில் வடிகால் குழாய் பதித்து அதை நேரே ஓடையில் விட்டிருந்தால், கரையில் எவ்வளவு அழகான பட்டை இருந்தாலும் நைட்ரேட் அதற்கடியிலேயே கடந்து போய்விடும். நீர் பரவலாக வராமல் ஒரே பள்ளத்தில் திரண்டு பாய்ந்தால் அந்த இடத்தில் பட்டை அறுந்துபோகும். மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு போய், நீர் எந்த வழியாக வருகிறது என்று பார்த்துவிட்டுப் பட்டையின் இடத்தை முடிவு செய்வது நல்லது.

கேள்வி: பழம் பழுக்கும் எந்தச் செடியையும் பறவைகள் நாடி வருகின்றன. பிறகு ஏன் அயல் தாவரங்களைக் குறை சொல்கிறீர்கள்?

பதில்: பழம் தின்னும் பறவையும் தன் குஞ்சுக்குப் பெரும்பாலும் புழுவைத்தான் ஊட்டுகிறது. கரோலினா சிக்கடி என்ற சிறு குருவி ஒரு ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்தெடுக்க ஆறாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் புழுக்கள் வரை வேண்டியிருக்கின்றன. இலை தின்னும் புழுக்களில் பெரும்பாலானவை தமக்குப் பழகிய சில செடிக் குடும்பங்களின் நச்சுப்பொருள்களை மட்டுமே செரிக்க வல்லவை. கடல் கடந்து வந்த செடியின் இலை அவற்றுக்கு உணவாகாது. ‘பூச்சியே தாக்காத செடி’ என்று நாற்றுப் பண்ணைகள் பெருமையாக எழுதிவைப்பதை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள்.

வாஷிங்டன் நகரின் வீட்டுத் தோட்டங்களில் நரங்கோ, டாலமி, மரா ஆகியோர் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் அளவைத் தருகிறது. தோட்டத்துச் செடிகொடிகளின் பருமனில் நாட்டுத் தாவரங்கள் 70 விழுக்காட்டுக்குக் குறைந்தால், சிக்கடிகள் தம் எண்ணிக்கையைத் தக்கவைத்துக்கொள்ளும் அளவுக்குக் குஞ்சு பொரித்து வளர்க்க இயலவில்லை. மீதி 30 விழுக்காட்டில் விரும்பியதை வைத்துக்கொள்ள இடமிருக்கிறது என்றும் இதைப் படிக்கலாம். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

நாட்டுத் தாவரத்திலேயே அழகுக்காக மாற்றிய வகைகளில் கவனம் தேவை. பச்சை இலையைச் செந்நிறமாக்கிய வகைகளைப் புழுக்கள் அதிகம் நாடுவதில்லை என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. அடுக்கிதழ் கொண்ட வகைகளில் மகரந்தத்தாள்களே இதழ்களாக மாறியிருப்பதால் தேனீக்குக் கிடைப்பது ஏமாற்றம்தான். குட்டையாக்கியது போன்ற மாற்றங்களால் பெரும்பாலும் கெடுதல் இல்லை.

கேள்வி: மண்ணைக் காக்கவென்று அரசுகளே நட்ட செடிகள் பின்னாளில் ஆக்கிரமிப்புக் களையானதாகக் கேள்விப்படுகிறோம். இது எப்படி நேர்ந்தது?

பதில்: மேலே பாராட்டிய அதே அமெரிக்கத் துறைதான் குட்சு கொடியையும் பரப்பியது. ஆசியாவிலிருந்து 1876இல் பிலடெல்பியாக் கண்காட்சிக்கு அலங்காரச் செடியாக வந்த அக்கொடி, 1930களிலும் 40களிலும் அரிப்பு நிலங்களில் கோடிக்கணக்கான நாற்றுகளாக நடப்பட்டது. நடும் விவசாயிக்கு உதவித்தொகையும் கிடைத்தது. பரிந்துரைப் பட்டியலிலிருந்து 1953இல் நீக்கப்பட்டபோது அது தென்மாநிலங்களில் மரங்களின் மேலேறத் தொடங்கி வெகுநாளாகியிருந்தது. உயிர்வேலியாகவும் காடைகளுக்குப் புகலாகவும் இருக்கட்டும் என்று கொடுக்கப்பட்ட மல்டிஃப்ளோரா ரோஜாவின் கதையும் இதுவே. சொந்தக் கடற்கரையில் சதுப்பைத் தாங்கி நிற்கும் அட்லாண்டிக் கார்டுகிராஸ் என்னும் புல்லை மண்ணரிப்பைத் தடுக்கச் சீனா 1979இல் கொண்டுபோனது. இன்று அங்கே அதை அகற்றுவதற்குப் பெருஞ்செலவு ஆகிறது.

இவற்றை எவரும் தீய எண்ணத்தோடு தேர்ந்தெடுக்கவில்லை. சீக்கிரம் மூட வேண்டும், வறட்சி தாங்க வேண்டும், ஆடுமாடு கடித்தாலும் தழைய வேண்டும், பூச்சி தாக்கக் கூடாது என்று தேடினார்கள். களைக்கு இலக்கணம் எழுதச் சொன்னாலும் கிட்டத்தட்ட இதையேதான் எழுத வேண்டியிருக்கும். நடாத இடத்துக்கு அது போகிறதா என்ற கேள்வியைச் சோதனை வயலில் கேட்காததுதான் குறை. இன்று கேட்கிறார்கள். ஆயினும் சொந்த மண்ணில், தன்னைத் தின்னும் பூச்சிகளுக்கும் நோய்களுக்கும் நடுவே பல்லாயிரம் ஆண்டு இருந்த செடி பற்றி நமக்குத் தெரிந்த அளவு, புதிதாக வந்த ஒன்றைப் பற்றிச் சில ஆண்டுச் சோதனையில் தெரிந்துவிடாது.

கேள்வி: நாட்டுப் புல் விதையும் காட்டுப் பூச்செடி விதையும் கலந்து வாங்கி விதைத்தேன். களைதான் முளைத்தது. விதை பொய்யா?

பதில்: பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கோடையில் விழுந்த விதை அடுத்த மழைக்கே முளைத்துப் பின் வரும் குளிரிலோ வறட்சியிலோ மடியாதிருக்கப் பல காட்டுச் செடிகளின் விதைகள் உறங்கும் இயல்பு பெற்றிருக்கின்றன. குளிர்நாட்டு விதைகளுக்கு ஈரமணலில் 1 முதல் 5 பாகை வெப்பநிலையில் சில வாரங்கள் வேண்டும். கடினத் தோலுள்ள அவரைக் குடும்ப விதைகளை உப்புத்தாளில் உரசினால் போதும். காட்டுத்தீ பழகிய நிலத்துச் செடிகள் சில புகையால் விழிக்கின்றன என்பது 1990இல் தென்னாப்பிரிக்க ஆய்வில் தெரியவந்தது.

விதையின் கணக்கையும் பாருங்கள். காட்டுப்புல் விதையைக் கையில் அள்ளினால் சுணையும் மயிரும் பின்னிக்கொண்டு பஞ்சுபோல் ஒரே பிடியாக வரும். உள்ளே மணி இருக்கிறதா, வெறும் உமியா என்று நகத்தால் அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே எடையை நம்பக் கூடாது. புறத்தூய்மை 70 விழுக்காடும் முளைப்புத்திறன் 60 விழுக்காடும் இருந்தால், இரண்டையும் பெருக்க 42 விழுக்காடே உயிருள்ள விதை. 10 கிலோ உயிர்விதை வேண்டுமானால் ஏறக்குறைய 24 கிலோ வாங்க வேண்டும். விதைக்கும் ஆழம் 6 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். நன்கு உழுது பொலபொலப்பாக்கிய மண்ணில் சிறுவிதை ஆழத்தில் புதைந்து முளையாமலே போகும். காலடி பதியாத அளவுக்கு அழுந்திய மண்ணே ஏற்றது.

முளைத்த நாட்டுப்புல்லும் முதலாண்டில் மேலே வளர்வதைவிட வேரில்தான் முதலீடு செய்யும். உயர்ந்து நிற்பது ஓராண்டுக் களை. அதை ஒரு சாண் உயரத்துக்கு அவ்வப்போது வெட்டி விதை பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் கீழே வெளிச்சம் போகும். உழுது அழித்துவிடாதீர்கள், மூன்றாம் ஆண்டு பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

கேள்வி: காட்டிலிருந்து விதை எடுப்பதற்கு அளவு உண்டா?

பதில்: உண்டு. உரியவரின் அனுமதி முதலில். அதன்பின், பழுத்து நிற்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் விடுவது விதை வங்கிகள் பின்பற்றும் நெறி. செடிகள் குறைவாக இருந்தால் அதையும் எடுக்க வேண்டாம். ஐம்பது செடிகளுக்குக் குறையாமல், பெரியது சிறியது என்று பாராமல், முந்திப் பழுத்ததிலும் பிந்திப் பழுத்ததிலும் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். கண்ணுக்கு அழகான செடியிலேயே கை போவது இயல்பு, அதைத் தவிர்ப்பதற்குத்தான் இந்த எச்சரிக்கை. காகிதப் பையில் போட்டு நிழலில் உலர்த்துங்கள்; ஞெகிழிப் பை விதையைப் புழுங்கவைத்துவிடும். செடியின் பெயர் தெரியாவிட்டாலும், எடுத்த நாள், இடம், உயரம், மண்ணின் தன்மை, அருகே நின்ற மற்றச் செடிகள் ஆகியவற்றைப் பையின்மேல் அங்கேயே எழுதிவிடுங்கள். பெயரைப் பிறகு யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம். மற்றவற்றை வீடு திரும்பியபின் நினைவிலிருந்து சரியாக எழுத முடியாது.